ஆனந்தரங்கரை ஒதுக்கிவிடாதே

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஆனந்தரங்கப் பிள்ளை ஒருதலைப்பட்சமாக எழுதுகிறார், அவர் நாட்குறிப்பை ஆய்வேட்டில் சான்றாக வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதே அம்மா.

சார்பு இருப்பது உண்மைதான். 1736 முதல் 1761 வரை எழுதிய அந்த மனிதர் பெரிய வணிகர், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும். 1746இல் கனகராய முதலியார் இறந்ததும் அந்தப் பதவிக்குக் கடும் போட்டி. கிறிஸ்தவர் ஒருவரையே அமர்த்த வேண்டும் என்று ஆளுநரின் மனைவி மதாம் டூப்ளே பிடிவாதமாக நின்றதாகப் பிள்ளை எழுதுகிறார். இதுவும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது, பார்த்தாயா! பதவி கடைசியில் பிள்ளைக்கே வந்தது. மனக்கசப்பு மட்டும் தீரவில்லை. மதாம் மேல் அவர் அடுக்கும் குற்றச்சாட்டுகளைப் படிக்கும்போதெல்லாம் அதை நினைவில் வை. அந்த அம்மாள் தரப்பு நியாயம் அந்த ஏட்டில் கிடைக்காது.

ஆனால் எந்தக் கப்பல் வந்தது, யாருக்கு எத்தனை பீரங்கி முழங்கியது என்பதில் பொய் எழுதி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே தாராளமாக நம்பு. தன் யோசனையை டூப்ளே துரை மெச்சினார் என்று எழுதும் இடங்களில் வேறு சாட்சி தேடு.

1748 செப்டம்பர் பக்கங்களைத்தான் நீ பொறுமையாகப் படிக்க வேண்டும். ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம். ஊருக்குள் வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்களே இடிக்கிறார்கள். பக்தராக அவர் துடிக்கிறார், அதே சமயம் அரசின் ஊழியராகவும் இருக்கிறார். அந்தத் துடிப்பை நான் சிறிதும் சந்தேகிக்கவில்லை. பழியை எப்படிப் பங்கிடுகிறார் என்பதைக் கவனி: மதாம் மேல் எவ்வளவு, பாதிரிமார் மேல் எவ்வளவு, தான் சேவகம் செய்யும் துரை மேல் எவ்வளவு. அந்தக் கணக்கே உன் ஆய்வேட்டுக்கு ஓர் அத்தியாயம் தரும். பிரெஞ்சுக் கம்பெனியின் கடிதங்களையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்.

இன்னொன்று. நீ எடுத்தாளும் ஆங்கிலப் பதிப்பு 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் வெளியிட்டது. பதிப்பித்தவர்கள் பிரிட்டிஷ் அரசின் ஆட்கள். பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி அவர்களுக்கும் ஓர் எண்ணம் இருந்திருக்கும். முன்னுரைகளையும் அடிக்குறிப்புகளையும் அந்தக் கண்ணோடு படி.

அந்த 1748 பக்கங்களைத் தமிழ் மூலத்திலேயே படித்துவிட்டு, உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது. பொங்கலுக்கு வரும்போது பெரிய மார்க்கெட் பக்கம் போய் அவர் மாளிகையைப் பார்த்து வருவோம்.

அன்புடன்,
அப்பா