சனி இரவு சர்வர் அப்டேட்: கவனிக்க வேண்டியவை

நண்பர்களே, இந்தச் சனிக்கிழமை இரவு 11 மணிக்கு நம் உபுண்டு சர்வர்களுக்குப் பாதுகாப்புப் பேட்ச் போடுகிறோம். சர்வருக்குள் போனதும் முதலில் டிமக்ஸ் என்ற டெர்மினல் கருவியைத் திறந்துகொள்ளுங்கள். நெட் போனாலும் வேலை பாதியில் நிற்காது.

'ஆப்ட் அப்டேட்' என்ற கட்டளை எந்த மென்பொருளையும் மாற்றாது, என்னென்ன புதிய பதிப்புகள் கிடைக்கின்றன என்ற பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். பட்டியலைப் படித்துவிட்டு, பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதிய பதிப்புகளை நிறுவும் 'ஆப்ட் அப்கிரேட்' கொடுங்கள். நடுவில் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை மாற்றட்டுமா என்று கேட்டால் அவசரப்பட்டு 'ஒய்' அழுத்த வேண்டாம். நாம் கையால் எழுதிய அமைப்புகள் போய்விடும். 'டி' அழுத்தினால் பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். சந்தேகம் இருந்தால் 'என்' கொடுத்துப் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் இதோடு வேலை முடிந்தது என்று வெளியே வந்துவிடுகிறார்கள். அதுதான் எனக்குக் கவலை. உதாரணமாக, தகவலை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் வட்டில் புதிதாகிவிடும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், நினைவகத்தில் ஏற்றிய பழைய பிரதியைத்தான் பயன்படுத்தும். 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்தபோதும் பேட்ச் போட்டால் மட்டும் போதவில்லை, சேவைகளை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. எந்தெந்தச் சேவைக்கு அது தேவை என்று 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி காட்டும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் மாறியிருந்தால் ரீபூட் கட்டாயம்.

டேட்டாபேஸ் சர்வரை மட்டும் யாரும் தனியாக ரீபூட் செய்யாதீர்கள். குழுவில் சொல்லுங்கள், இன்னொருவர் கூட இருக்கட்டும். யார் எந்த சர்வரைப் பார்க்கிறீர்கள் என்று வெள்ளி மாலைக்குள் இங்கே போடுங்கள்.