ரயிலேறி வந்த கட்டடம்

அன்புள்ள மீனா,

பார்சல் வந்து சேர்ந்ததா? பருப்புப்பொடி டப்பாவுக்கு டேப் ஒட்டு என்று சொன்னேன், அம்மா கேட்கவில்லை, சிந்தியிருந்தால் அவளிடம் கேட்டுக்கொள். சரி, நான் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. குரோஷியத் தலைநகர் ஸாக்ரெப்பில் ரயில் நிலையத்துக்கு எதிரே பூங்காவில் ஒரு மஞ்சள் கட்டடம், "ஏதோ அரண்மனை போலிருக்குப்பா" என்று டிராமில் இருந்தபடியே படமெடுத்து அனுப்பியிருந்தாயே, அது அரண்மனை இல்லை. ஓவியங்கள் வைக்கவென்றே கட்டிய காட்சிக்கூடம். அதன் கதையைத் தேடிப் படித்தேன். துவாக்குடிப் பட்டறையில் காலமெல்லாம் இரும்பு ஆங்கிளும் சேனலும் வெட்டிப் பிழைத்தவன் கண்ணுக்கு அந்த மஞ்சள் பூச்செல்லாம் படவில்லை, உள்ளே இருக்கிற இரும்புதான் பட்டது.

1896-இல் ஹங்கேரிக்காரர்கள் தாங்கள் அந்த மண்ணில் குடியேறி ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது என்று புடாபெஸ்டில் பெரிய பொருட்காட்சி போட்டார்கள். ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் மெட்ரோவைக்கூட அந்த வருஷத்துக்காகத்தான் ஓடவிட்டார்கள் என்றால் செலவைப் பார்த்துக்கொள். அப்போது குரோஷியா ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் ஹங்கேரியின் பங்கில் இருந்ததால் அவர்களும் அங்கே கடை விரித்தாக வேண்டும். அந்தச் சமயத்தில்தான் விளாஹோ புகோவாட்ஸ் என்ற ஓவியர் நுழைகிறார். சின்ன வயதிலேயே அமெரிக்கா போய், கப்பலில் வேலை பார்த்து, பிறகு பாரிஸில் படித்துப் பேர் வாங்கி, ஸாக்ரெப் வந்து சேர்ந்தவர். அவரும் கூட இருந்த கலைஞர்களும் கேட்டது இரண்டு. எங்கள் ஓவியங்களுக்குத் தனி மண்டபம் வேண்டும், அதை இரும்புச் சட்டகத்தில் கட்ட வேண்டும், காட்சி முடிந்ததும் கழற்றி எங்கள் ஊருக்கு எடுத்துப் போவோம்.

எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவதுதான். பொருட்காட்சிக் கட்டடத்தின் ஆயுசு தெரியுமல்லவா, தீவுத்திடலில் பார்த்திருக்கிறாயே, பலகையும் துணியும் சாயமும், முடிந்த மறுநாள் குப்பை. அதே புடாபெஸ்ட் காட்சியில் மரமும் அட்டையுமாக ஒரு கோட்டை கட்டினார்கள், வய்தஹுன்யாத் என்று பேர். சனங்களுக்குப் பிடித்துப்போனதால் பின்னால் அதைக் கல்லில் மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. புகோவாட்ஸ் கூட்டத்தார் அந்த இரட்டைச் செலவை முதலிலேயே யோசித்துவிட்டார்கள். அடுத்தவன் தலைநகரில் நடக்கிற விழாவைச் சாக்கு வைத்துத் தங்கள் ஊருக்கு ஒரு கூடம் சம்பாதித்துக்கொண்டார்கள் என்றே சொல்வேன், சாமர்த்தியம்தான்.

கழற்றிக் கொண்டு போவது என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள், அந்த வேலை எப்படிப்பட்டதென்று செய்தவனுக்குத்தான் தெரியும். நாங்கள் ஒரு ஷெட்டைப் பிரித்து வேறு இடத்தில் நிறுத்த வேண்டுமென்றால் முதலில் ஒவ்வொரு தூணிலும் கூரை தாங்கும் டிரஸ்ஸிலும் பஞ்ச் வைத்து நம்பர் அடிப்போம், பெயிண்டில் எழுதினால் லாரியில் உரசி அழிந்துவிடும். அப்புறம் மேலிருந்து கீழாகப் பிரிக்க வேண்டும், நிறுத்தும்போது கீழிருந்து மேல். அஸ்திவார போல்ட் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் தூணின் அடித்தகடான பேஸ் பிளேட் உட்காராது, அன்று சாயங்காலம் வரை சுத்தியலும் கெட்ட வார்த்தையும்தான். நமக்கு கிரேன், வெல்டிங் எல்லாம் இருந்தே இந்தக் கதை. அவர்கள் அந்தக் காலத்தில் 300 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் ஏற்றி வந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

புடாபெஸ்டில் வடிவமைத்தவர்கள் கோர்ப், கியர்கல் என்ற ஹங்கேரியக் கட்டடக்கலைஞர்கள். ஸாக்ரெப்பில் அதே இரும்புக்குப் புதுச் சுவர் கொடுத்தவர்கள் வியன்னாவின் ஃபெல்னரும் ஹெல்மரும், அந்த ஊர் தேசிய நாடக அரங்கமும் இவர்கள் கைவேலைதான். அந்த அரங்கத்தின் மேடைத் திரை புகோவாட்ஸ் வரைந்தது, டிக்கெட் கிடைத்தால் போய்ப் பார். 1898 டிசம்பர் 15-இல் குரோஷியக் கலைஞர்களின் காட்சியோடு மண்டபத்தைத் திறந்தார்கள். கொடுமை என்னவென்றால் அந்த வருஷமே புகோவாட்ஸ் ஊரில் மனஸ்தாபமாகித் தன் சொந்த ஊரான ட்ஸாவ்டாட்டுக்குப் போய்விட்டார். இப்படித்தானே நடக்கிறது எங்கேயும், முன்னால் நின்று கட்டியவன் ஒருவன், ரிப்பன் வெட்டும்போது நிற்பவன் வேறொருவன்.

2020 மார்ச் 22 காலையில் அங்கே நில அதிர்வு வந்தது, கொரோனாவுக்காக எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்த நேரம் பார்த்து. பேராலயத்தின் ஒரு கோபுர உச்சியே விழுந்தது. மண்டபத்துக்கும் சேதம், மூடிவிட்டுப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. அதனால் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போ, வீணாக அலையாதே.

உன் சித்தப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, சுவர் புதுசு, ஊர் புதுசு, அப்புறம் எப்படி அது பழைய கட்டடம் என்று மல்லுக்கு நிற்கிறான். சுமை தாங்குகிற இரும்பு எது, அதுதான் கட்டடம், சுவர் மேலே போட்ட சட்டை என்பது என் கட்சி. சிவிலில் எம்.டெக். படிக்கிறவள் நீ, யார் சொல்வது சரியென்று நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் போடும்போது அவனும் இங்கேதான் இருப்பான்.

அப்பா