எங்கள் இலக்கு எண்களை அழித்தது உங்கள் ஸ்கிரிப்ட், எங்கள் பயனர் அல்ல

பொருள்: எஸ்பேஸ் கியூபில் பிப்ரவரி 12 இரவு பட்ஜெட் இலக்குகள் அழிந்தது, டிக்கெட்டை "பயனர் பிழை" என்று மூடியது

சப்போர்ட் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் பம்ப் தயாரிக்கும் எங்கள் நிறுவனத்தின் நிதித் துறையில் பட்ஜெட் வேலையைப் பார்ப்பவன் நான். பட்ஜெட் போட நாங்கள் பயன்படுத்தும் ஹைப்பீரியன் பிளானிங் மென்பொருளையும், அதற்கு அடியில் எண்களைக் கியூப் என்ற பல பரிமாணத் தரவுத்தளத்தில் வைத்துக் கூட்டும் எஸ்பேஸையும் நிறுவிக் கொடுத்தது நீங்கள்தான், வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தமும் உங்களோடுதான். டிக்கெட்டில் எழுதி எழுதி அலுத்துப்போய் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 13 காலை, எக்செலுக்குள் எஸ்பேஸ் எண்களைக் காட்டும் ஸ்மார்ட் வியூவைத் திறந்து ரிஃப்ரெஷ் கொடுத்தால், விற்பனை இலக்குகள் இருக்கும் இலக்கு வெர்ஷன் முழுவதும் #மிஸ்ஸிங், அதாவது காலி. 9 மாநிலம், 4 பம்ப் வகை, 12 மாதம், மொத்தம் 432 எண்கள், ஒன்றுகூட இல்லை. முதலில் என் எக்செல்தான் தவறான இடத்தில் நிற்கிறதோ என்று நினைத்தேன், வேறு லாகினில் பார்த்தேன், விற்பனைத் துறையில் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன், எல்லாருக்கும் அதேதான். அந்த எண்கள் யாரோ உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் தட்டியவை அல்ல. ஒவ்வொரு மாநில மேலாளரோடும் விற்பனைத் தலைவர் மூன்று வாரம் பேசி, கேரளாவுக்கு ஓபன்வெல்லைக் குறைத்து, ஆந்திராவுக்குப் போர்வெல்லைக் கூட்டி, இப்படி ஒவ்வொன்றாக முடிவு செய்தவை. ஏப்ரல், மே மாத இலக்கை வைத்துத்தான் காப்பர் வயருக்கும் காஸ்டிங்குக்கும் முன்கூட்டியே ஆர்டர் போடுகிறோம்.

உடனே டிக்கெட் போட்டேன். 31 மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "பயனர் யாரோ காலி ஷீட்டைச் சப்மிட் செய்திருக்கலாம்." அவ்வளவுதான், டிக்கெட்டும் மூடப்பட்டது. யார் எப்போது என்ன செய்தார்கள் என்று பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டதற்கு இன்று வரை பதில் இல்லை.

சரி, நானே பார்த்தேன். இரவுக் கணக்கீட்டுக்கான கட்டளைகள் அடங்கிய கால்க் ஸ்கிரிப்ட் கோப்பு 12-ம் தேதி மாலை 6.40-க்கு மாற்றப்பட்டிருக்கிறது. அதே இரவு 11 மணிக்கு அதை ஓட்டியது உங்கள் சப்போர்ட் ஐடி. அந்த நேரத்தில் எங்கள் பயனர் யாரும் உள்ளே இல்லை. பழைய ஸ்கிரிப்டின் பிரதி ஒன்று என்னிடம் இருந்ததால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் கிளைகள் நிரப்பும் வெர்ஷனுக்கு மட்டும் என்று கணக்கீட்டின் எல்லையைக் குறிக்கும் ஃபிக்ஸ் கட்டளை போட்டு, அதற்குள்தான் கூட்டல் நடக்கும். புதியதில் அந்த ஃபிக்ஸ் இல்லை, மேலே "செட் ஆக்மிஸ்ஜி ஆன்" என்று ஒரு வரி புதிதாக வந்திருக்கிறது.

இதற்கு மேல் என்ன நடக்கும் என்பது எஸ்பேஸ் நிர்வாகம் படித்த யாருக்கும் தெரிய வேண்டியது. எங்கள் இலக்கு வெர்ஷனில் எண் இருப்பது "தமிழ்நாடு" என்ற மேல்மட்ட உறுப்பில். அதற்குக் கீழே இருக்கும் கோவை, மதுரை, திருச்சி எல்லாம் அந்த வெர்ஷனில் காலி, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆக்மிஸ்ஜி செட்டிங் ஆஃபில் இருந்தால், பிள்ளை உறுப்புகள் எல்லாமே காலியாக இருக்கும்போது கூட்டல் ஓடினாலும் தாய் உறுப்பில் இருக்கும் எண்ணைத் தொடாது. ஆன் செய்தால் அந்தக் காலியையும் மேலே கூட்டிக்கொண்டு போய் எண்ணின் மேல் #மிஸ்ஸிங் எழுதிவிடும். ஆன் செய்தால் கணக்கீடு வேகமாக முடியும் என்பது உண்மை, மறுக்கவில்லை, ஆனால் மேல்மட்டத்தில் யாரும் எண் போடாத கியூபுக்குத்தான் அது பொருந்தும். எஸ்பேஸ் நேற்று வந்த மென்பொருள் அல்ல. 1992-ல் வந்தது, 2007-ல் ஆரக்கிள் கைக்குப் போனது. இந்த ஒரு செட்டிங்கில் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லி நிர்வாகிக் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. இரவு ஓட்டம் நீளமாகிறது என்று நான் ஜனவரியில் புகார் செய்தேன், அதற்காக யாரோ நல்லெண்ணத்தில்தான் இதைச் செய்திருப்பார்கள் என்றும் புரிகிறது. ஆனால் டெஸ்ட் சர்வரில் ஒரு முறை ஓட்டிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். எங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அழிந்ததைவிட எனக்கு அதிக வேதனை தந்தது பேக்கப் விஷயம். தினமும் பேக்கப் எடுக்கிறோம் என்று ஒவ்வொரு மாத அறிக்கையிலும் எழுதுகிறீர்கள், நானும் நம்பி மேலே சொல்லியிருக்கிறேன். எடுத்து வைத்திருப்பது வெறும் லெவல் 0 எக்ஸ்போர்ட். அதில் அடிமட்ட எண்கள் மட்டும்தான் வரும், மேல்மட்டத்தில் தட்டிய எதுவும் வராது. பேக்கப்பை எடுக்கும் மேக்ஸ்எல் ஸ்கிரிப்டில் லெவல் 0 என்ற இடத்தில் ஆல் என்று ஒரு சொல் மாறியிருந்தால் அன்று காலையே லோட் செய்து முடித்திருக்கலாம். முழுக் கோப்புப் பிரதி கடைசியாக எடுத்தது நவம்பரில், அப்போது இலக்கு வேலை தொடங்கவே இல்லை.

அப்புறம் என்ன, மெயிலில் வந்த பழைய ஷீட், மேலாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ, பிரிண்ட் எடுத்து வைத்த தாள் என்று தேடித் தேடி மூன்று பேர் மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். 432-ல் 27 எண்களுக்கு எந்த ஆதாரமும் கிடைக்காமல் மாநில மேலாளர்களிடம் மறுபடி கேட்க வேண்டி வந்தது. இயக்குநர்கள் கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது. அங்கே "பயனர் பிழை" என்ற உங்கள் பதில்தான் வாசிக்கப்பட்டது, என் குழுவில் இரவு 9 மணி வரை வேலை பார்த்த பெண் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் செய்யாத தவறு அது.

டிக்கெட்டை மறுபடி திறந்து, காரணம் உங்கள் ஸ்கிரிப்ட் மாற்றம்தான் என்று எழுத்தில் பதியுங்கள், எனக்கு இதுதான் முதலில் வேண்டும். பழைய ஃபிக்ஸை அப்படியே திருப்பி வையுங்கள். பேக்கப்பில் எல்லா மட்டத் தரவும், உறுப்புகளின் அமைப்பைச் சொல்லும் அவுட்லைனும், ஸ்கிரிப்டுகளும் சேர வேண்டும், மாதம் ஒரு முறை அதை டெஸ்ட் சர்வரில் ஏற்றி எண் சரியாக வருகிறதா என்று எங்களோடு உட்கார்ந்து காட்ட வேண்டும். எங்கள் ஒப்புதல் மெயில் இல்லாமல், நாங்கள் வேலை பார்க்கும் அசல் சர்வரான புரொடக்‌ஷனில் எதையும் மாற்றக் கூடாது. பிப்ரவரி மாதப் பராமரிப்புக் கட்டணத்தை நாங்கள் செலுத்தப் போவதில்லை, அதற்கான கிரெடிட் நோட்டை அனுப்புங்கள்.

இரண்டு லாகுகளும், பழைய, புதிய ஸ்கிரிப்டுகளும் இணைப்பில் இருக்கின்றன. உங்கள் சப்போர்ட் ஐடிக்குப் புரொடக்‌ஷனில் படிக்கும் உரிமை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன், இரவு ஓட்டத்தைப் பழைய ஸ்கிரிப்டோடு நானே ஓட்டுகிறேன். உங்கள் கையொப்பமிட்ட பதில் வந்த பிறகு மீதி உரிமையைத் திறக்கிறேன்.

இப்படிக்கு,
நிதித் திட்டமிடல் பிரிவு,
கோயம்புத்தூர்