காத்தாடிச் சாலையோர ஊர்களுக்கு ஒரு திறந்த மடல்

உடுமலைக்கு வடக்கே, காற்றாலைக் காத்தாடிகளுக்கு நடுவே போகும் கிளைச்சாலையின் இரண்டு பக்கமும் குடியிருக்கும் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வரும் புரட்டாசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை 6.30 மணியிலிருந்து 8 மணி வரை உங்கள் சாலையில் ஒரு சைக்கிள் போட்டி நடத்த நினைக்கிறோம். காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஊராட்சியிலும் கடிதம் கொடுத்தாயிற்று. ஆனால் அந்தச் சாலையில் தினமும் பால் கொண்டு போவதும், மாடு ஓட்டிப் போவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதும் நீங்கள்தான். உங்களிடம் கேட்காமல் இதை நடத்தக் கூடாது என்று எங்களுக்குப் போன மாதம்தான் உறைத்தது. அதனால் இந்த மடல்.

போன மாதம் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாரும் இதற்கு முன் போட்டி நடத்தியவர்கள் இல்லை. வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று ஆறு பேர் விடிகாலையில் வந்து ஓட்டினோம். பால் சொசைட்டிக்குக் கொஞ்சம் முன்னால், பேக்கரிப் பக்கமிருந்து ஒரு நாய் பாய்ந்தது. எங்கள் ஆள் சட்டென்று வலது பக்கம் ஒடித்தார். எதிரே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு வந்த பெரியவர் பிரேக் போட, வண்டி சாய்ந்து ஒரு கேன் பால் தரையில் போய்விட்டது. அவருக்கு அடி படவில்லை. ஓடிப்போய்த் தூக்கிவிட்டோம், பாலுக்குக் காசு கொடுத்தோம். அவர் வாங்கவில்லை. "ஏன் கண்ணு, தலையத் தொங்கப் போட்டுட்டு வந்தா எதுக்கால யாரு வர்றாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குச் சொசைட்டியில் அவர் கணக்கில் குறைந்த பாலுக்கு நாங்கள்தான் பொறுப்பு. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அடுத்த மூன்று வாரமும் எங்கள் திட்டத்தைத் திரும்பத் திரும்ப மாற்றினோம்.

முதலில், இது எந்த மாதிரிப் போட்டி என்று சொல்கிறேன். பெயர் டைம் டிரையல். உங்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். ஏனென்றால் இது ரேக்ளா மாதிரி. மதுரை, சிவகங்கைப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் என்றால் பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரித்து, எல்லா வண்டியும் ஒன்றாகக் கிளம்பும், முட்டி மோதிக்கொண்டு மைல் கணக்கில் போகும். நம் கொங்குப் பக்கத்து ரேக்ளா அப்படி இல்லை. 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் அளந்து வைத்து, வண்டி ஓடி முடிக்க எத்தனை வினாடி ஆயிற்று என்று பார்ப்பது. ஜோடிக்கு எதிரி கடிகாரம்தான். எங்கள் போட்டியும் அதுதான், தூரம் மட்டும் 20 கிலோமீட்டர். பத்து போய், பத்து திரும்பி வர வேண்டும். நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவோம். ஒருவர் பின்னால் இன்னொருவர் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் பின்னால் வருகிறவருக்கு நிறைய வேலை மிச்சம், அது இந்தப் போட்டியில் ஏமாற்று.

சாலையில் இருக்கிற உங்களுக்கு இதனால் என்ன என்றால், கூட்டமாக எதுவும் வராது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒருவருக்கும், ஒரு நிமிடம் கழித்து அதே வேகத்தில் வருகிறவருக்கும் இடையே 600 மீட்டர் இருக்கும். ஒரு சைக்கிள் போகும், அப்புறம் சாலை காலியாக இருக்கும். அவ்வளவுதான்.

இந்த வகைப் போட்டியே சாலையில் போகிற மற்றவர்களுக்கு இடைஞ்சல் வந்ததால் பிறந்ததுதான். 1894-இல் இங்கிலாந்தில் கூட்டமாகப் பந்தயம் விட்டுக்கொண்டு போன சைக்கிள்காரர்களைக் கண்டு ஒரு பெண்ணின் குதிரை வண்டி மிரண்டது. காவல்துறைக்குப் புகார் போனது. சாலைப் பந்தயமே கூடாது என்று அந்த நாட்டின் தேசியச் சைக்கிள் சங்கம் ஒதுங்கிக்கொண்டது. அப்போது பிட்லேக் என்பவர் வேறு வழி யோசித்தார். 1895 அக்டோபர் 5-ஆம் தேதி அவருடைய நார்த் ரோடு சங்கம் ஒருவர் பின் ஒருவராக ஆளை அனுப்பி 50 மைல் போட்டி நடத்தியது. அதன் பிறகு பல வருடங்களுக்கு அந்த நாட்டுப் போட்டியாளர்கள் விடிகாலையில், கண்ணை உறுத்தாத கறுப்பு உடையில், ஊருக்குத் தெரியாமல் சங்கேத எண் வைத்த பாதைகளில் ஓட்டினார்கள். எனக்கு அதில் பாதி பிடித்திருக்கிறது, பாதி பிடிக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு கூடாது என்ற எண்ணம் பிடிக்கிறது. ஊருக்குத் தெரியாமல் நடத்துவது வேண்டாம். எங்கள் வெள்ளோட்டத்தைத் தெரியாமல் நடத்தித்தான் அந்தப் பால் கொட்டியது.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். தலையைக் குனிவது வேகத்துக்காக. சைக்கிளில் வேகம் கூடக் கூட உடம்பின் பலமெல்லாம் காற்றைத் தள்ளுவதிலேயே போய்விடும். உடம்பைச் சுருக்கினால் காற்று குறைவாகப் பிடிக்கும். முழங்கையை ஊன்றி, இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் படுத்த மாதிரி ஓட்ட ஒரு தனிக் கைப்பிடி உண்டு. 1989-இல் டூர் டி பிரான்ஸ் என்ற பெரிய சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரீசுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் டிரையல். கிரெக் லெமாண்ட் அந்த மாதிரிக் கைப்பிடியோடு ஓட்டினார். மூன்று வாரம் ஓடிய பந்தயத்தை, அதுவரை முன்னிலையில் இருந்த லோரான் ஃபின்யோனிடமிருந்து 8 வினாடி வித்தியாசத்தில் பறித்தார். அன்றிலிருந்து அந்தக் கைப்பிடிக்கு எங்களைப் போன்றவர்களிடம் பெரிய மவுசு. ஆனால் அதைப் பிடித்திருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது. தலையும் நிமிராது. பாரீசில் அன்று சாலையை மூடியிருந்தார்கள். உங்கள் சாலையை மூடப் போவதில்லை. அதனால் எங்கள் போட்டியில் அந்தக் கைப்பிடிக்கு இடமில்லை. பெயர் கொடுத்தவர்களில் சிலர் வருத்தப்பட்டார்கள், இருவர் விலகியும் விட்டார்கள். வேகத்தை விரும்புகிற எனக்கும் அது இழப்புதான். இருந்தாலும் முடிவில் மாற்றமில்லை.

சாலையை ஏன் மூடச் சொல்லவில்லை என்று எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் நடந்தது. அதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு வேறொரு ஊரில் ஒரு பெரிய போட்டியில் கலந்துகொண்டேன். எல்லா வண்டியையும் கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு வேன் அங்கே நின்றது. முகூர்த்த நேரம் நெருங்குகிறது என்று அவளுடைய அப்பா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போனேன். அன்று எனக்குக் கிடைத்த பதக்கத்தை இன்றுவரை வீட்டில் மாட்டவில்லை.

அதனால்தான் தேதி பார்ப்பதற்கே ஒரு மாதம் எடுத்துக்கொண்டோம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்காற்றில் 25 வேகத்தில் பத்து கிலோமீட்டர் போக 24 நிமிடம், பின்காற்றில் 40 வேகத்தில் திரும்ப 15 நிமிடம், ஆக 39. காற்றே இல்லாமல் ஒரே சீராக 32, 33 வேகத்தில் ஓட்டினால் 37 நிமிடத்தில் முடிந்திருக்கும். காற்று பறித்ததை முழுதாகத் திருப்பித் தராது. பக்கக் காற்றில் ஆள் சாலை நடுவுக்குத் தள்ளப்படும் ஆபத்து வேறு. ஆவணி முழுக்கக் கல்யாணம். தை, மாசியில் பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரம் நடப்பார்கள், சாலையில் மக்காச்சோளமும் காயப் போட்டிருக்கும். புரட்டாசியில் காற்று அடங்கியிருக்கும், முகூர்த்தம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானாலும் கறிக்கடை முன்னால் கூட்டம் இருக்காது. உங்கள் ஊர்க் கோவில் நோம்பி ஏதாவது அந்த நாளில் வருகிறதென்றால் சொல்லுங்கள், தேதியை மாற்றிவிடுகிறோம்.

சாலையில் எங்கள் ஆட்கள் 18 பேர் நிற்பார்கள். புறப்படும் இடம், முடியும் இடம், திரும்பும் இரண்டு இடங்கள், சின்னச் சாலைகள் வந்து சேரும் எட்டு முக்குகள். அவர்கள் கையில் சிவப்புக் கொடி இருக்கும். அந்தக் கொடி உங்களுக்கானது இல்லை. வண்டிகளை நிறுத்த எங்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. மாடு குறுக்கே வந்தால், பஸ் திரும்பினால், பாட்டி ஒருத்தர் சாலையைக் கடந்தால், கொடியைக் காட்டி எங்கள் சைக்கிள்காரரை நிறுத்துவார்கள். நின்றதால் போன வினாடிகளை நாங்கள் திருப்பிக் கொடுக்க மாட்டோம், அதை ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 108 வண்டி வந்தால் அத்தனை பேரும் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும்.

வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் திரும்பும் இடம்தான் எனக்கு அதிகக் கவலை. இடது பக்கம் வருகிறவர் முழுச் சாலையையும் குறுக்கே கடந்து திரும்ப வேண்டும். அங்கே ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, எங்கள் ஆள் சரி என்று சொன்ன பிறகுதான் திரும்பலாம். காலை ஊன்றாதவரின் நேரத்தைக் கணக்கில் எடுக்க மாட்டோம். சொசைட்டி வாசலில் வேகத்தடை இருக்கிறது. பால் ஊற்றும் நேரமும் அதேதான் என்பதால், புறப்படும் இடத்தையும் முடியும் இடத்தையும் சொசைட்டியைத் தாண்டித் தள்ளி வைத்துவிட்டோம். இனி எங்கள் பாதை சொசைட்டி வாசலைத் தொடாது.

அப்புறம், ஊரில் ஒரு சாவு விழுந்தால் போட்டி கிடையாது. முதல் நாள் இரவு தெரிந்தாலும் சரி, அன்று காலை ஆறு மணிக்குத் தெரிந்தாலும் சரி. யாரும் எங்களிடம் வந்து சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், பறைச் சத்தம் கேட்டாலே நாங்கள் கிளம்பிவிடுவோம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது கொஞ்சம்தான். அந்த ஒன்றரை மணி நேரம் நாயைக் கட்டி வையுங்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும், கை தட்டட்டும், ஆனால் கூடவே ஓடி வரவோ, தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். முடிந்ததும் 50 பேருக்கு இட்லியும் சட்னியும் வேண்டும், மகளிர் குழு செய்து கொடுத்தால் விலை பேசி முன்பணம் தந்துவிடுகிறோம்.

இன்னொரு உதவியும் வேண்டும், இது எங்களுக்குப் பெரியது. வெள்ளோட்டத்தில் இரண்டு பேர் மூன்று வினாடி இடைவெளியில் வந்து சேர்ந்தார்கள். எங்களில் ஒருவரே எண்ணையும் பார்த்து, கடிகாரத்தையும் பார்த்து, எழுதவும் செய்ததில் இரண்டு பேர் நேரமும் தவறிவிட்டது. இப்போது ஒருவர் எண்ணைக் கூப்பிட, ஒருவர் நேரம் சொல்ல, ஒருவர் எழுதுவது என்று பிரித்திருக்கிறோம். கணக்கும் சுலபமாக்கிவிட்டோம். ஒன்றாம் எண் 6.31-க்கு, பத்தாம் எண் 6.40-க்கு, முப்பதாம் எண் 7.00 மணிக்குப் புறப்படும். வந்து சேர்ந்த நேரத்திலிருந்து இதைக் கழித்தால் போதும், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆனாலும் இரண்டாவது கடிகாரம் ஒன்றைத் தனியாக ஒருவர் பார்த்து எழுத வேண்டும். உங்கள் ஊர்களில் ரேக்ளாவுக்கு நேரம் பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். வினாடியில் சண்டை வருகிற இடத்தில் உட்கார்ந்து பழகிய கண் அது. அவர்களில் ஒருவர் வந்து எங்கள் பந்தலில் உட்கார்ந்தால், இரண்டு கணக்கும் ஒத்துப்போகாத இடத்தில் அவர் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

வெளியிலிருந்து 30 பேர்தான் வருகிறார்கள். 31-லிருந்து 40 வரை பத்து எண்களை உங்கள் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளே போதும். அவர்கள் பாதியிலேயே திரும்பி 10 கிலோமீட்டர் ஓட்டினால் சரி, கட்டணம் இல்லை, ஹெல்மெட் நாங்கள் தருகிறோம். பிரேக் கட்டையும் டயரும் பார்த்து மாற்றித் தர ஒரு சைக்கிள் கடைக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் வருகிறார். அம்மாவோ அப்பாவோ கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும், அது கட்டாயம். பெண் பிள்ளைகளும் வரட்டும்.

அந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்கு விநாயகர் கோவில் திண்ணையில் இருப்போம். பால் கொட்டிய பெரியவரையும் நேரில் போய் அழைத்திருக்கிறோம். பாதை முழுவதையும் ஒரு அட்டையில் வரைந்து கொண்டு வருகிறோம். எந்த இடத்தில் எது ஆபத்து என்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும், அதில் கை வைத்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று நீங்கள் சொல்லும் இடம் இருந்தால் அன்று ராத்திரியே பாதையை மாற்றுவோம். அந்தப் பத்து எண்களையும் சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம் வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
போட்டி நடத்தும் நண்பர்கள் சார்பில்,
உங்கள் சாலையில் ஞாயிறுதோறும் ஓட்டிப் போகும் ஒருவன்