கடைக் கதவில் ஓர் எண்

கார்டிஃப், வேல்ஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அங்கே நீ, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே?

நான் அனுப்பிய படத்தில் எங்கள் கடை வாசலில் பச்சை ஸ்டிக்கரில் 4 என்று இருந்ததே, அது என்ன என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இங்கே ஹோட்டலோ பார்சல் கடையோ, சாப்பாடு விற்றால் உள்ளூர் கவுன்சில் 0 முதல் 5 வரை சுகாதார மதிப்பெண் போடும். ருசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உணவை எப்படிக் கையாளுகிறோம், இடம் எந்த நிலையில் இருக்கிறது, இதெல்லாம் தினமும் ஒழுங்காக நடக்கும் என்று நம்ப முடிகிறதா, இந்த மூன்றையும்தான் பார்க்கிறார்கள்.

கவுன்சில் அதிகாரிகள் சொல்லாமல்தான் வருவார்கள். எங்கள் கடைக்கு ஓர் அம்மா மதியக் கூட்ட நேரத்தில் வந்தார். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நேரே கைகழுவும் தொட்டிக்குப் போய்க் கை கழுவினார். சுடுதண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, துடைக்கப் பேப்பர் இருக்கிறதா என்று அதிலேயே பார்த்துவிட்டார். ஃப்ரிட்ஜ் 8 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, சூடாக வைத்திருக்கும் குழம்பு 63க்குக் கீழே இறங்கக்கூடாது. இரண்டையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்.

அப்புறம் முதலாளியைக் கேட்காமல், பாத்திரம் கழுவும் பையனைக் கூப்பிட்டு, "மீந்த சோற்றை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைப்போம் என்று அவன் டக்கென்று சொன்னான். எனக்குப் பெருமையாக இருந்தது. சோற்றில் ஒரு கிருமியின் வித்து உண்டு அக்கா, கொதித்தாலும் சாகாது. சோற்றை வெளியிலேயே விட்டால் அது பெருகி நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. இதை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன்.

பாத்திரம் கழுவும் இடத்தில் ஓடு பெயர்ந்திருந்தது, ஒரு ஃப்ரிட்ஜின் ரப்பர் கிழிந்திருந்தது, இன்னும் சில சில்லறைக் குறைகள். அதனால் 5 கிடைக்கவில்லை. நியாயமான மதிப்பெண்தான். முதலாளி ஆள் வைத்து எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டிருக்கிறார். முடிந்ததும் கட்டணம் கட்டி மறுபடி வரச் சொல்லிக் கேட்கலாம். அதுவரை அந்த 4 கதவில்தான் இருக்கும், மறைக்க முடியாது. வாடிக்கையாளர் கேட்டால் வாயாலும் சொல்லியாக வேண்டும். பார்வை இல்லாதவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

வேல்ஸில் இப்படி ஒட்டுவது 2013 நவம்பரிலிருந்து சட்டப்படி கட்டாயம். அதற்கு முன்னால் நடந்ததைக் கேட்டால் மனசு பதறும். 2005ல் தெற்கு வேல்ஸில் ஈ.கோலை கிருமி பரவி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோருக்கு உடம்புக்கு வந்தது, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். பள்ளிகளுக்குச் சமைத்த இறைச்சி அனுப்பிய கடையில், பச்சை இறைச்சிக்கும் சமைத்ததற்கும் ஒரே பேக்கிங் மெஷினைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எங்கள் கடையில் பச்சைக் கோழி வெட்டும் பலகையை வேறு எதற்கும் யாரும் தொடமாட்டார்கள். ஏன் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

வட அயர்லாந்திலும் 2016லிருந்து கட்டாயம். ஆனால் இங்கிலாந்தில் ஒட்டுவதும் விடுவதும் கடைக்காரர் விருப்பம். நல்ல மதிப்பெண் வாங்கியவர்தான் பளிச்சென்று ஒட்டுவார். 1 வாங்கியவர் ஏன் ஒட்டப்போகிறார்? அங்கேயும் கட்டாயமாக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். சாப்பிட வருகிறவருக்கு உள்ளே போகும் முன்பே தெரிய வேண்டாமா?

நீங்கள் வரும்போது லண்டனில் இரண்டு நாள் தங்குவதாகச் சொன்னாயே. அங்கே கதவில் எண் இல்லாவிட்டால், உணவுத் தர முகமையின் (Food Standards Agency) இணையதளத்தில் கடைப் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போ. 3க்குக் கீழே என்றால் வேண்டாம், வேறு கடை பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி