ஆர்க்கிட் செடிக்கு ஐஸ் கட்டி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பின் மகளிர் பக்கத்தில், பட்டாம்பூச்சி ஆர்க்கிட் செடிக்கு வாரம் மூன்று ஐஸ் கட்டி வைத்தால் போதும் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் தாமான் குடியிருப்பில் மூன்று வீடுகளில் ஐஸ் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அதில் ஒருவர் என்னிடம் துணி தைக்கக் கொடுப்பவர். போன சனிக்கிழமை ரவிக்கை வாங்க வந்தபோது, "அக்கா, நீங்கள் வந்து என் செடியைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார். பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

குறிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஓஹியோ, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களில் இதைச் சோதித்து, ஐஸ் வைத்த செடிகளில் பூ சீக்கிரம் உதிர்ந்துவிடவில்லை என்று 2017-இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவை மரப்பட்டைத் துண்டுகளில் வளர்ந்த செடிகள். நமக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஸ்பாக்னம் என்கிற நார் போன்ற பாசியில் இறுக்கி அடைத்த செடி. பாசி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை நாளில் நம் வீட்டுக் காற்றே நனைந்த துணி மாதிரி இருக்கும்போது, பாசி காய்ந்ததா என்று பார்க்காமல் கணக்குப் பார்த்து மூன்று கட்டி வைத்தால் வேர் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை நான் என் முதல் செடியில் பார்த்தேன். ஒரு தீபாவளிக்கு என் மகள் ஈப்போவிலிருந்து வாங்கி வந்த செடி அது. வெள்ளைப் பூ, நடுவில் இலேசான மஞ்சள். அழகான பீங்கான் சட்டி, அடியில் ஓட்டை இல்லை. தினமும் காலையில் துளசிக்கு ஊற்றிய கையோடு அதற்கும் ஒரு சொம்பு ஊற்றுவேன். பூ இரண்டு மாதத்துக்கு மேல் நின்றது. அதனால் செய்வது சரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இலை தொய்ந்தது, கிழவி கை மாதிரி சுருக்கம் விழுந்தது. பாவம், தாகம் போலிருக்கிறது என்று மாலையிலும் ஊற்றினேன். ஒரு நாள் தூக்கிப் பார்த்தால் செடி மட்டும் கையோடு வந்துவிட்டது, வேர் சட்டியிலேயே இருந்தது. ஒரு வேரைப் பிடித்து இழுத்தேன். வெந்த சேமியா மாதிரி தோல் வழுக்கிக்கொண்டு வந்தது, உள்ளே நூல் போல ஒன்று மிஞ்சியது.

வேர் அழுகிவிட்டால் தண்ணீரை எடுத்து மேலே அனுப்ப ஒன்றும் இல்லை. தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். தண்ணீர் போதாத செடியும் அப்படித்தான் சுருங்கும், வேர் அழுகிய செடியும் அப்படித்தான் சுருங்கும். இலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, வேரைத்தான் பார்க்க வேண்டும். புதிதாக வளர்ப்பவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிச் செடிகள் பிழைத்துவிடும்.

வேர் தன் நிலைமையைத் தானே சொல்லிவிடும். அதைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறது. காய்ந்திருந்தால் வெள்ளி பூசியது போல சாம்பல் நிறமாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் பஞ்சு நனைந்து, உள்ளே இருக்கும் பச்சை கண்ணெதிரே வெளியே வரும். பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளியாக மாறினால் ஊற்றுங்கள், தண்ணீர் அடி ஓட்டை வழியாக ஓடி வரும்வரை நன்றாக ஊற்றுங்கள். இதற்காகவே நான் உள்ளே இருக்கும் வேர் வெளியே தெரிகிற பிளாஸ்டிக் சட்டியைப் புதியவர்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு இது உறைத்ததற்குக் காரணம் ரப்பர் தோட்டம்தான். பதினேழு வயதிலிருந்து எட்டு வருஷம் நான் பால் மரம் வெட்டியவள். ராத்திரி மழை பெய்தால் விடிந்ததும் மரத்தில் கை வைக்க முடியாது. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் பரவி வழிந்து வீணாகும். பால் பிடிக்கிற மங்குக்கு வருகிற கொஞ்சமும் மழைத்தண்ணீரோடு கலந்துவிடும். எங்கள் அம்மா பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "இன்னும் காயலடி" என்பார். வெயில் ஏறிக் காற்று அடித்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வைத்துப் பார்ப்பார். நனைவதும் சீக்கிரம், காய்வதும் சீக்கிரம், அதுதான் மரப்பட்டை. இந்த ஆர்க்கிட் பிறந்து வளர்ந்ததும் அப்படிப்பட்ட பட்டையில்தான். காட்டில் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வேரைக் காற்றில் தொங்கவிட்டு வளர்கிற செடி இது. மழை அடிக்கும், வடியும், காயும்.

எங்கள் தோட்டத்துக் கோயில் பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் கிளையெல்லாம் புறா ஆர்க்கிட். மலாய்க்காரர்கள் அங்கேரிக் மெர்பாத்தி என்பார்கள். நல்ல மழை கொட்டிக் குளிர்ந்தால், ஒன்பதாம் நாள் காலையில் அத்தனையும் ஒன்றாகப் பூக்கும், மறுநாள் பார்த்தால் வாடிக் கிடக்கும். அதற்கு யாரும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதில்லை. அந்தத் தோட்டம் இப்போது செம்பனை, மரமும் இல்லை.

சட்டி மாற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் குறிப்பில் அது இல்லை. இரண்டாவது செடியைக் கேமரன் மலையில் வாங்கினேன். பூ உதிரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் கை வைத்தேன். பூத்திருக்கும்போது பிடுங்கினால் மொட்டு கொட்டிவிடும். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டால் வேர் இளகும், மடக்கினாலும் சட்டென்று முறியாது. மேலே பாசி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. விரலால் பிரித்துக்கொண்டே நடுவுக்குப் போனால் பிழிந்தால் சொட்டுகிற ஈரம், லேசாகப் புளித்த வாடை. மேலே தொட்டுப் பார்த்து ஏமாந்துபோகக் கூடாது. பாசியை எல்லாம் எடுத்துவிட்டு, கத்தரிக்கோலை அடுப்பு நெருப்பில் காட்டி ஆறவிட்டு, கொளகொளவென்று இருந்த வேர்களை மட்டும் வெட்டினேன். கெட்டியான வேர் பழுப்பாக இருந்தாலும் நல்ல வேர்தான், அதைத் தொடக்கூடாது. வெட்டிய முனையில் மட்டும் சமையல் பட்டைத்தூள் தொட்டு வைத்தேன். நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும்.

ஒரு நாள் நிழலில் அப்படியே ஆறப்போட்டு, மறுநாள் கரியில் வைத்தேன். கோலா செபெத்தாங் பக்கம் பாக்காவ் என்கிற சதுப்புநில மரத்தைச் சுட்டு எடுக்கிற கரி எங்கள் ஊர்வரை வருகிறது. பெருவிரல் அளவுக்கு உடைத்து, தூள் போகக் கழுவி, ஒரு ராத்திரி ஊறவைக்க வேண்டும். தேங்காய் மட்டைத் துண்டும் போடலாம். ஆனால் நம் மழைக்கு அது சீக்கிரம் மக்கிவிடும், அதனால் எனக்குக் கரிதான் பிடித்தது. சட்டி வேர் அடங்குகிற அளவுக்கு மட்டும் போதும். பெரிய சட்டியில் ஈரம் நின்றுவிடும். இலை பிரிகிற அடித்தண்டு கரிக்கு மேலே இருக்கட்டும், புதைத்தால் அழுகும். ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டி, மூன்று நாள் தண்ணீர் காட்டாமல் விட்டேன். கரியில் ஈரம் அதிகம் தங்காது. வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒரு தரம், சில சமயம் தினமும் ஊற்றுகிறேன். மழைக்காலத்தில் நாலு நாளும் ஆகும். எல்லாம் வேரின் நிறத்தைப் பார்த்துத்தான்.

ஊற்றுவது காலையில். இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் துணி முனையால் ஒற்றி எடுத்துவிடுங்கள், ராத்திரி முழுக்க நின்றால் குருத்து அழுகிவிடும், அப்புறம் இந்தச் செடிக்கு மேல்நோக்கி வளர வேறு வழி இல்லை. காட்டில் அது சாய்ந்து தொங்குவதால் தண்ணீர் தானே வடிந்துவிடும். நாம் நிமிர்த்தி வைத்து வளர்க்கிறோம். மற்றபடி கிழக்குப் பார்த்த அஞ்சடியில், அதாவது வீட்டு முன் நடையில், கூரைக்குக் கீழே வைத்தால் போதும்.

"மறுபடியும் எப்போது பூக்கும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதில் உண்மையைச் சொல்ல வேண்டும். கடையில் விற்கிற கலப்பு ரகங்களுக்குப் பூத்தண்டு வர 26 டிகிரிக்குக் கீழே சில வாரம் குளிர்ச்சி வேண்டும். கேமரனில் அது தானாகக் கிடைக்கிறது, சுங்கை சிப்புட் பகல் வெயிலில் கிடைப்பதில்லை. எனக்கு இதுவரை இரண்டு புது இலையும் ஐந்து வேரும்தான் வந்திருக்கின்றன. நம் ஊர்ச் சூட்டில் பூ பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தீபகற்ப மலேசியக் காட்டிலேயே பிறந்த வயோலேசியா (violacea) என்கிற பட்டாம்பூச்சி ஆர்க்கிட் ரகத்தை நர்சரியில் கேட்டு வாங்குங்கள். ஒன்றிரண்டு பூவாக விட்டு விட்டுப் பூக்கும், வாசனையும் உண்டு. அதன் பழைய பூத்தண்டு பச்சையாக இருக்கும்வரை வெட்டாதீர்கள், அதிலேயே மறுபடியும் வரும். காட்டிலிருந்து மட்டும் யாரும் பிடுங்கி வரவேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, மகளிர் பக்கத்தில் காய்ந்த வேர், நனைந்த வேர், அழுகிய வேர் மூன்றையும் கலரில் படம் போட்டால் பெரிய உதவியாக இருக்கும். பரிசாகக் கொடுப்பவர்கள் சட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்கும்படியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

துணி தைக்கக் கொடுக்கும் அந்தத் தங்கையின் செடியை ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் பிரித்தோம். பாசியின் நடுவில் இன்னும் ஈரம் இருந்தது. நாலு வேர் தேறியது. இப்போது என் வீட்டு அஞ்சடியில் கரிச்சட்டியில் நிற்கிறது. வியாழக்கிழமைதான் முதல் தண்ணீர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.