கிரீம் குழுவுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

பழைய ராக் இசையைப் பற்றி எழுதும்போது பீட்டில்ஸோடு நின்றுவிடாதீர்கள். 1966இல் லண்டனில் உருவான கிரீம் குழுவை இப்போதுதான் கேட்க ஆரம்பித்தேன், விடவே முடியவில்லை. மூன்றே பேர் கொண்ட குழு அது. கிட்டார் வாசித்த எரிக் கிளாப்டன், யார்ட்பேர்ட்ஸ் குழு, அப்புறம் ஜான் மேயாலின் குழு என்று ப்ளூஸ் இசையிலேயே ஊறியவர். பேஸ் கிட்டார் வாசித்த ஜாக் புரூஸ் கிளாஸ்கோவில் செல்லோ படித்தவர். ஜிஞ்சர் பேக்கர் ஜாஸ் டிரம்மர். புரூஸும் பேக்கரும் அதற்கு முன் கிரகாம் பாண்ட் என்ற இசைக்கலைஞரின் குழுவிலேயே மோதிக்கொண்டவர்கள், ஆனாலும் கிரீமில் மறுபடி சேர்ந்தார்கள். புரூஸின் பேஸ் கிட்டாரை மட்டும் கவனித்துக் கேளுங்கள், தாளத்துக்குத் துணையாக அடங்கிக் கிடக்காமல் தனி மெட்டாகவே ஓடுகிறது, பின்னால் பேக்கர் இரண்டு பேஸ் டிரம்மையும் காலால் அதிரவைக்கிறார். 1968 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்றுவிட்டார்கள். கிளாப்டனைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். புரூஸையும் பேக்கரையும் பற்றி நீங்கள் எழுதுங்கள்.

உங்கள் வாசகர்